சுண்ணாம்பு நீரும் ஆலிவ் எண்ணெயும்

மெக்சிகோ நகரத்துக் குடும்பங்கள் பலவற்றில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு மேசைக்கு வரும் உணவு ‘பக்கலாவோ அ லா விஸ்கயீனா’. உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து, உப்பை இறக்கி, நன்றாக உதிர்த்து, தக்காளி, வெங்காயம், பூண்டு, ஆலிவ் காய், பாதாம் எல்லாம் சேர்த்து ஆலிவ் எண்ணெயில் வற்றவிடுவார்கள். இறக்கும்போது காடியில் ஊறிய மஞ்சள் மிளகாய்களை மேலே வைப்பார்கள். பெயரின் பொருள் ‘விஸ்காயா பாணி உப்புமீன்’. விஸ்காயா என்பது ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டில், பில்பாவோ நகரம் இருக்கும் மாகாணம். அங்கே போய் இதே பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறொன்று வரும். மீன் துண்டு முழுதாக இருக்கும். அதன் மேல் ஊற்றியிருக்கும் சிவப்புக் குழம்பு, உலர்ந்த சொரிசேரோ மிளகாயின் சதையை வதக்கிய வெங்காயத்தோடு அரைத்தது. அதில் தக்காளி சேரலாமா கூடாதா என்பது பாஸ்க் சமையற்காரர்களிடையே இன்னும் தீராத வழக்கு.

பில்பாவோக்காரர் மெக்சிகோவின் சட்டியை எட்டிப் பார்த்தால் ‘இது எங்களுடையது இல்லை’ என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய குழம்புக்குச் சிவப்பு தரும் மிளகாயே மெக்சிகோ மண்ணில் பழக்கப்பட்ட செடியிலிருந்து வந்தது. மெக்சிகர் தன் வீட்டு வழக்கம் என்று பெருமையோடு சொல்லும் சட்டியிலோ ஆலிவும் பாதாமும் ஸ்பானியக் கப்பலில் வந்தவை. மீன் வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் பிடிபட்டது, இருவருக்கும் சொந்தமில்லை.

எந்தப் பொருள் எங்கே பிறந்தது என்று பார்த்து இவ்விரு சமையல்களையும் பிரிக்கப் போனால் இப்படித்தான் கைநழுவும். 1521இல் ஆஸ்டெக் தலைநகரம் டெனோச்டிட்லான் வீழ்ந்தது. 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றது. இடையே 300 ஆண்டுகள் இரண்டு அடுக்களைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன. வேறுபாட்டை வேறு இரண்டு இடங்களில் தேட வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று கைப்பக்குவம். மற்றொன்று நினைவு: தன் தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்பதை ஸ்பெயின் ஏறக்குறைய மறந்துவிட்டது, மெக்சிகோ அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ‘மெக்சிகன்’ என்ற பலகையின் கீழ் விற்கப்படுவதில் பெரும்பகுதி, அமெரிக்காவின் டெக்சாஸ் எல்லையை ஒட்டி வளர்ந்த உணவு. நாச்சோஸ் 1940களில் எல்லையோர ஊரான பியேத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகக் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்துகொடுத்த பண்டம். இக்னாசியோவின் செல்லப்பெயர்தான் நாச்சோ. அதே அமெரிக்காவில் மெக்சிகர் வீட்டுத் தக்காளிச் சோற்றுக்கு ‘ஸ்பானிஷ் ரைஸ்’ என்று பெயர். மெக்சிகர் என்றால் கூலிக்காரர், ஸ்பானியர் என்றால் ஐரோப்பியர் என்று எடைபோட்ட காலத்தில், உணவை விற்கவும் வெள்ளை வாடிக்கையாளரை உள்ளே இழுக்கவும் ‘ஸ்பானிஷ்’ என்ற சொல் வசதியாக இருந்தது. குழப்பம் அறியாமையால் மட்டும் வந்ததில்லை, கொஞ்சம் வெட்கத்தாலும் வந்தது.

மாட்ரிட்டில் டோர்ட்டியா கேட்டால் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தடிமனாகச் சுட்ட அடை போன்ற ஒன்று வரும். (வெங்காயம் சேர்ப்பதா வேண்டாமா என்று அங்கே இரண்டு கட்சிகள் உண்டு.) மெக்சிகோவில் டோர்ட்டியா என்பது மக்காச்சோள மாவில் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டி. ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் அதன் பெயர் ‘த்லாஷ்கல்லி’. வந்திறங்கியவர்கள் தங்கள் ஊரின் வட்டமான பண்டத்தின் பெயரை அதற்கு ஒட்டிவிட்டார்கள். பெயர் மாறியது; அதைச் செய்யும் முறை இம்மியும் மாறவில்லை.

அந்த முறைதான் மெக்சிகோ சமையலின் அடித்தளம். முற்றி உலர்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிடுவார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே நீற்றிய சுண்ணாம்புதான். காலையில் தோல் வழன்று கழன்றுவிடும். கழுவி, ‘மெத்தாத்தே’ என்ற கல்லில் அரைப்பார்கள். மெத்தாத்தேயைப் பார்க்கும் தமிழருக்கு விளக்கமே தேவையில்லை: மூன்று கால் வைத்த அம்மி, குழவியோடு. மாவைத் தட்டி, ‘கொமால்’ என்ற மண் தோசைக்கல்லில் சுட்டெடுத்தால் வேலை முடிந்தது. இப்படி வேகவைத்த மக்காச்சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் பக்குவம் இது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் மக்காச்சோள மாவு கையில் சேராது, உதிரும். அதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத வேலை. மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற பி வைட்டமினை உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி தானியம் பூட்டி வைத்திருக்கிறது. சுண்ணாம்பு நீர் அந்தப் பூட்டைத் திறக்கிறது.

ஸ்பானியர் மக்காச்சோள விதையைக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள். பக்குவம் கரையிலேயே நின்றுவிட்டது. வடக்கு ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் ஏழை உழவர்கள் மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொள்ளத் தொடங்கிய பின், கையிலும் கழுத்திலும் தோல் சிவந்து உரியும் ஒரு நோய் பரவியது. 1735இல் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் அதைக் கவனித்து எழுதிவைத்தார். ஊரார் வைத்த பெயர் ‘ரோஜா நோய்’. நோயாளிகள் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே தின்பவர்கள் என்பதையும் அவர் பார்த்தார். பின்னாளில் பெலாக்ரா என்று அறியப்பட்டது இதுவே. நியாசின் குறைவே காரணம் என்று தெளிய மேலும் 200 ஆண்டுகள் ஆயின. மருந்து இத்தனை காலமும் அம்மிக்கு முன்னால் மண்டியிட்டு அரைத்துக்கொண்டிருந்த பெண்களின் கையில் இருந்தது. ஏன் சுண்ணாம்பு போடுகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டு அதை ஊருக்கு எடுத்துச்செல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தானியத்தை மதித்தவர்கள் அதைச் சமைத்தவர்களை மதிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது.

மிளகாயின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. கொலம்பஸ் மிளகு தேடிப் புறப்பட்டவர். கரீபியத் தீவுகளில் உறைக்கும் ஒரு காயைக் கண்டபோது, மிளகைக் குறிக்கும் ‘பிமியெந்தா’ என்ற சொல்லைத் திரித்து அதற்குப் ‘பிமியெந்தோ’ என்ற பெயர் ஸ்பானியத்தில் நிலைத்தது. பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக அது நம் கரைக்கு வந்தபோது நாமும் அதையேதான் செய்தோம்: மிளகு போல உறைக்கும் காய், மிளகாய். மெக்சிகருக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. அவர்களிடம் ‘சீலி’ என்ற சொந்தச் சொல் இருந்தது. உலகம் இன்று சில்லி என்று சொல்வது அதைத்தான்.

பெயரோடு பழக்கமும் பிரிந்தது. ஸ்பெயின் மிளகாயின் உறைப்பைத் தலைமுறை தலைமுறையாகக் களைந்து, நிறத்தையும் மணத்தையும் வைத்துக்கொண்டது. எஸ்த்ரமதூரா பகுதியின் லா வேராவில் ஓக் விறகின் புகையில் மிளகாயை உலர்த்தி அரைக்கும் பிமெந்தோன் தூள்தான் ஸ்பெயினின் சோரிசோ தொத்திறைச்சிக்குச் சிவப்பைத் தருகிறது. இறைச்சியைக் கெடாமல் காக்கவும் உதவுகிறது. உறைப்பு அங்கே ஒரு விளையாட்டு. கலீசியாவின் பத்ரோன் மிளகாயைப் பற்றி ‘சிலது உறைக்கும், சிலது உறைக்காது’ என்று ஒரு சொலவடை உண்டு. எது உறைக்கும் என்று தெரியாமல் கடிப்பதுதான் வேடிக்கை. மெக்சிகோவிலோ மிளகாய்தான் குழம்பின் உடம்பு. நெல் அரிசியாகி, அரிசி சோறாகும்போது நாம் பெயரை மாற்றுவதுபோல அவர்கள் மிளகாய்க்குப் பெயர் மாற்றுகிறார்கள். பச்சையாக இருக்கையில் போப்லானோ, உலர்ந்தால் அஞ்ச்சோ. பழுத்த ஹலபேனோவைப் புகையில் உலர்த்தினால் சிபோட்லே. ஒவ்வொன்றுக்கும் தனி மணம், தனி வேலை. பல உலர்ந்த மிளகாய்களை வறுத்து, ஊறவைத்து, எள், கொட்டைகள், சில நேரம் சாக்லேட் வரை சேர்த்து அரைக்கும் ‘மோலே’ நம் வறுத்தரைத்த குழம்புக்குத்தான் நெருக்கமாக வரும். மாட்ரிட்டில் அதற்கு உறவு சொல்ல எதுவும் இல்லை.

சொல்லப்போனால் மெக்சிகோவின் தெருவில் தமிழர் அதிகம் அந்நியப்பட மாட்டார். மாங்காய்க்கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பதை மெரினாவில் மட்டும்தான் பார்க்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் ஆசியாவை மெக்சிகோவோடு நேரடியாகக் கட்டிப்போட்டன. மெக்சிகோவின் பெயர்பெற்ற மாம்பழ வகைக்கு இன்றும் ‘மணிலா’ என்றுதான் பெயர். மறுதிசையில் வந்தவற்றில் நம் பள்ளிக்கூட வாசல் கொடுக்காப்புளியும் உண்டு. சப்போட்டா என்ற சொல்லே நாவாட்டில் மொழியின் ‘த்சாபோட்ல்’ என்பதன் பேரன்.

இனி அடையாளம். வெற்றிகொண்டவர்களுக்குக் கோதுமை வெறும் உணவாக இருக்கவில்லை. கத்தோலிக்கத் திருப்பலியின் அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும். மக்காச்சோளத்தால் கிறிஸ்துவின் உடலைச் செய்ய முடியாது. புதிய ஸ்பெயினில், அதாவது ஸ்பானியர் ஆண்ட மெக்சிகோவில், முதன்முதலாகக் கோதுமை விதைத்தது தானே என்று 1538இல் மன்னருக்கு எழுதிய மனுவில் சொல்லிக்கொண்டவர் ஹுவான் கர்ரீதோ. ஆஸ்டெக் தலைநகரை வீழ்த்திய ஸ்பானியத் தளபதி கோர்ட்டேஸின் படையில் இருந்த இவர் ஆப்பிரிக்காவில் பிறந்த கறுப்பர். ‘ஐரோப்பியத் தானியம்’ மெக்சிகோ மண்ணில் வேர்விட்ட கதையிலேயே மூன்றாவது கண்டம் ஒன்று நிற்கிறது. ஆனால் ஆப்பிரிக்க வம்சாவளி மெக்சிகரை அந்நாட்டு அரசியல் சாசனம் பெயர் சொல்லி ஏற்றதோ 2019இல்தான்.

கோதுமை எசமானனுக்கு, மக்காச்சோளம் பூர்வகுடிக்கு என்ற பாகுபாடு விடுதலைக்குப் பின்னும் மறையவில்லை. 1899இல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்சிகோ அரசியல்வாதி, மனிதகுலத்தைக் கோதுமை இனம், அரிசி இனம், மக்காச்சோள இனம் என்று மூன்றாகப் பிரித்து, கோதுமை தின்பவர்களே முன்னேறுகிறார்கள் என்று எழுதினார். தன் நாட்டுப் பின்னடைவுக்கு அவர் கண்ட காரணம் டோர்ட்டியா. (அரிசி இனத்தைச் சேர்ந்த நாம் எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) 1910இல் விடுதலையின் நூற்றாண்டு விழாவை போர்ஃபீரியோ தீயாஸ் அரசு கொண்டாடியபோது அரசு விருந்துகளில் பரிமாறப்பட்டது பிரெஞ்சு உணவு. விடுதலையைக் கொண்டாடும் மேசையில் சொந்த உணவுக்கு இலை போடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் புரட்சி வெடித்தது.

புரட்சிக்குப் பின் காற்று திசைமாறியது. கல்வியமைச்சராக இருந்த ஹோசே வாஸ்கொன்சேலோஸ் போன்றவர்கள் மெக்சிகோவைக் கலப்பினத்தின், ‘மெஸ்திசோ’வின் தேசம் என்று வரையறுத்தார்கள். மோலே அந்தக் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது: பூர்வகுடி மிளகாய், பழைய உலகத்து மசாலா, கன்னியாஸ்திரீ மடத்தின் அடுக்களை. புவெப்லா நகரத்து மடம் ஒன்றில் பிறந்தது என்ற தலவரலாறும் அதற்கு உண்டு. கதையில் சுவை இருக்கிறது; ஆனால் மடத்தில் கல்லின் முன் அமர்ந்து மிளகாய் அரைத்தது யார் என்று அது கேட்பதில்லை. ‘முல்லி’ என்ற நாவாட்டில் சொல்லுக்குக் குழம்பு என்றே பொருள். கன்னியாஸ்திரீகள் வருவதற்கு முன்பே குழம்பு இருந்தது. கலப்பு என்ற கொடியின் கீழ் செத்துப்போன ஆஸ்டெக் பேரரசருக்குச் சிலை கிடைக்கிறது; உயிரோடு இருக்கும் பூர்வகுடிகளுக்கு, 68 மொழிக் குழுக்களாக இன்றும் வாழ்பவர்களுக்கு, அந்த மதிப்பு கிடைப்பதில்லை என்ற குற்றச்சாட்டு அங்கே வலுவாக இருக்கிறது. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மட்டும் கிடைக்கும் ‘சீலே என் நோகாதா’ இந்தக் கதையின் வேடிக்கையான உச்சம். பச்சை போப்லானோ மிளகாய்க்குள் இறைச்சியும் பழங்களும் அடைத்து, வெள்ளை வால்நட் குழம்பை ஊற்றி, சிவப்பு மாதுளை முத்துகளைத் தூவுவார்கள். பச்சை, வெள்ளை, சிவப்பு: தேசியக் கொடி. 1821இல் விடுதலைத் தளபதி இதுர்பீதே புவெப்லாவுக்கு வந்தபோது அவருக்காகச் செய்தது என்பார்கள். ஸ்பெயினிடமிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் இந்தத் தட்டில் பன்றி, ஆப்பிள், பேரிக்காய், பீச், மாதுளை என எல்லாம் ஸ்பெயின் வழியாக வந்தவை. வால்நட்டின் பெயரே அங்கே, ஸ்பெயினின் காஸ்டில் பகுதியை வைத்து, ‘காஸ்டில் கொட்டை’. வெளியிலிருந்து வந்ததற்கெல்லாம் நாம் ‘சீமை’ என்று முன்னொட்டுப் போட்டதுபோல அவர்கள் ‘காஸ்டில்’ என்று போட்டார்கள்.

இதையெல்லாம் படிப்பவருக்கு ஸ்பெயின் என்பது பழுதில்லாத ஒற்றை அடையாளம் என்று தோன்றலாம். அதுவும் இல்லை. 711 முதல் 1492 வரை ஸ்பெயின் இருக்கும் தீபகற்பத்தின் ஏதேனும் ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. சோற்றுக்கு அர்ரோஸ், குங்குமப்பூவுக்கு அசாஃப்ரான், சர்க்கரைக்கு அசூகார், எண்ணெய்க்கு அசேய்தே என்று அடுக்களைச் சொற்கள் பலவற்றுக்கு அரபுத் தாய். 1492இல் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது, யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள், கொலம்பஸ் கப்பலேறினார், எல்லாம் ஒரே ஆண்டில். மதம் மாறித் தங்கியவர்களின் சட்டியை, கத்தோலிக்க மத விசாரணை மன்றமான இன்குவிசிஷன் மோப்பம் பிடித்தது. பன்றியைத் தவிர்ப்பதும், கொழுப்புக்குப் பதில் எண்ணெயில் சமைப்பதும் ஒளித்துவைத்த யூத, முஸ்லிம் நம்பிக்கைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. கடை உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் பன்றித்தொடை ஹமோனை வெறும் ருசி என்று மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அன்று சந்தேகத்துக்கு உள்ளான ஆலிவ் எண்ணெய்தான் இன்று ஸ்பெயினின் பெருமை. உலகில் அதை மிகுதியாக உற்பத்தி செய்யும் நாடு அது. ‘சரியான கிறிஸ்தவர்’ பயன்படுத்த வேண்டிய பன்றிக்கொழுப்போ கோர்ட்டேஸின் ஆட்களோடு மெக்சிகோவுக்குப் போய், பூர்வகுடிகளின் தமால் என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டையிலும் மசித்து வறுத்த பீன்ஸிலும் குடியேறிவிட்டது. இன்று கொழுப்பு இல்லாத தமாலை மெக்சிகோப் பாட்டிமார் பலர் தமால் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

‘ஸ்பானிய உணவு’ என்ற சொல்லே ஸ்பெயினுக்குள் அவ்வளவாகப் புழங்குவதில்லை. பாஸ்க், கலீசியா, ஆண்டலூசியா, கட்டலோனியா என்றுதான் பேச்சு. வெளிநாட்டார் தேசிய உணவாகக் கருதும் பயேயா, வலென்சியாக்காரர்களுக்குத் தங்கள் ஊர்ச் சோறு. முயல், கோழி, பட்டையான பச்சை பீன்ஸ், பெரிய வெள்ளை பீன்ஸ், அவ்வளவுதான். 2016இல் பிரிட்டிஷ் சமையற்கலைஞர் ஒருவர் அதில் சோரிசோ சேர்த்ததாகச் சொன்னபோது எழுந்த கூச்சலில் பாதி வேடிக்கை, பாதி உண்மையான கோபம். கட்டலோனியாவில் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்டுத் தின்பது ஏறக்குறைய அடையாளச் சின்னம். அந்தத் தக்காளி நாவாட்டில் மொழியின் ‘தொமாட்ல்’ என்பதை அங்கே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு நேரவில்லை. ஆண்டவர்களுக்கு மறதி மலிவாகக் கிடைக்கும்.

2010 நவம்பரில் நைரோபியில் கூடிய யுனெஸ்கோ குழு மரபுச் சமையல்களைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. மெக்சிகோ தன் மரபுச் சமையலைத் தன் பெயரிலேயே கொண்டுபோனது. மிச்சோகான் மாநிலத்துப் பெண்களின் அடுக்களையை எடுத்துக்காட்டாக வைத்து, மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய் என்ற மூன்றின் மேல் கோரிக்கையை நிறுத்தியது. அதே கூட்டத்தில் ஸ்பெயினும் பட்டியலில் ஏறியது, ஆனால் இத்தாலி, கிரேக்கம், மொராக்கோவோடு சேர்ந்து ‘மத்தியதரைக்கடல் உணவுமுறை’ என்ற பெயரில். கடலைச் சொந்தம் கொண்டாடிய அந்தப் பெயரில் அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்தவற்றுக்கு இடமில்லை.

அரசியலிலும் இதே இழுபறிதான். அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய நாள்; மெக்சிகோ அந்த நாளை 2020இல் ‘பல்பண்பாட்டுத் தேசத்தின் நாள்’ என்று பெயர்மாற்றியது. 2019இல் மெக்சிகோ அதிபர் லோபஸ் ஓப்ரதோர், வெற்றிகொண்டபோது நடந்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கும்படி மன்னர் ஆறாம் ஃபெலிப்பேக்குக் கடிதம் எழுதினார். ஸ்பெயின் மறுத்தது. 2024இல் கிளாடியா ஷெயின்பாம் மெக்சிகோ அதிபராகப் பதவியேற்றபோது மன்னருக்கு அழைப்பு போகவில்லை. ஸ்பெயின் அரசு விழாவுக்கு ஆளனுப்பவில்லை.

ஆனால் இந்த உறவு பகை மட்டுமாக இருந்ததில்லை. 1939இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பு தோற்றபின், மெக்சிகோ அதிபர் லாசரோ கார்தெனாஸ் ஏறத்தாழ 20,000 ஸ்பானிய அகதிகளுக்குக் கதவைத் திறந்தார். ஜூன் 13 அன்று சினாயா என்ற கப்பல் அகதிகளோடு வெராக்ரூஸ் துறைமுகத்தை அடைந்தது. அந்தப் போரில் வென்ற சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினோடு தூதரக உறவை மெக்சிகோ 1977 வரை வைத்துக்கொள்ளவே இல்லை. ஒரு காலத்தில் ‘கச்சுப்பீன்’ என்று வசைச்சொல்லால் அழைக்கப்பட்ட ஸ்பானியர், இப்போது வீடிழந்தவர்களாக வந்து மெக்சிகோ நகரத்தில் பேராசிரியர்களாக, பதிப்பாளர்களாக, உணவகம் நடத்துபவர்களாக வேரூன்றினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு டோர்ட்டியாவும் வீட்டு உணவு.

கிறிஸ்துமஸ் அன்று மெக்சிகோவில் ‘ரெக்கலெந்தாதோ’, அதாவது முந்தைய இரவின் மிச்சத்தைச் சூடாக்கிச் சாப்பிடும் நாள். நம் சுண்டக்குழம்பைப் போல, விருந்தைவிட இதுதான் ருசி என்பவர்கள் அங்கே ஏராளம். எண்ணெயும் புளிப்பும் இரவெல்லாம் ஊறிய பக்கலாவோவைக் கரண்டியால் அள்ளி, பொலியோ என்ற கோதுமை ரொட்டியைப் பிளந்து, உள்ளே அடைப்பார்கள். அந்த மஞ்சள் மிளகாயில் ஒன்றாவது உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் கடி.